ஒப்புக்கொண்டு வந்தவள்தானே?



ஆலைக்கு ஆள் சேர்க்க வருகிறவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். பக்கத்து ஊர்க்காரர், நம் வீட்டுக் கலியாணத்திலும் கருமாதியிலும் பந்தியில் உட்கார்ந்தவர், உறவுமுறை சொல்லி அழைக்கத்தக்கவர். பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்த வாரத்திலோ, மழை பொய்த்துப் பருத்தி காய் பிடிக்காமல் போன வருஷத்திலோ அவர் திண்ணையில் வந்து உட்காருகிறார். "பாப்பா சும்மாதானே இருக்கு மாமா. மூணு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். கையிலே மொத்தமாக் காசு வரும், கலியாணச் செலவுக்கு யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்" என்கிறார். அவர் சொன்னதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நாம் பிரித்தறிவதற்கு முன்பே பெண்ணின் பெட்டி கட்டியாகிவிடுகிறது.

இதைப்பற்றிப் பேசும்போதெல்லாம் எதிரே நிற்கிற வாதம் ஒன்று உண்டு. ஆலைக்காரர் சொல்வார், தரகர் சொல்வார், சில வேளை பெற்றோரும் சொல்வார்கள்: "யாரும் அவளைக் கட்டி இழுத்து வரவில்லை. ஒப்புக்கொண்டு வந்தவள்தானே?" இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஏழையின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை என்று நாம் சொன்னால், ஏழைக்குப் புத்தியில்லை என்று சொன்னதாக முடியும். ஆனால் சம்மதம் என்ற ஒரு சொல்லால் எல்லா அநியாயமும் கழுவப்பட்டுவிடும் என்றால், உலகில் அடிமைத்தனம் என்று ஒன்றுமே இருந்திருக்க முடியாது. ஆகவே எப்படிப்பட்ட சம்மதம் மெய்யான சம்மதம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மானாவாரிக் காட்டில் விளைந்த பஞ்சு எந்த மேற்கு ஜில்லாக்களுக்குப் போகிறதோ, அந்தக் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கே வறண்ட ஜில்லாக்களின் பெண்பிள்ளைகளும் போனார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய அந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். மாங்கல்யத் திட்டம் என்றும் சொன்னார்கள். மூன்று முதல் ஐந்து வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000, 40,000, 50,000 என்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் நோய்ப்பட்டோ மனமுடைந்தோ திரும்பி வந்தால் அந்தத் தொகை முழுவதுமோ பெரும் பகுதியோ இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய் என்றால் மாதம் ஆயிரம். அது பரிசல்ல, சீதனமும் அல்ல. அவள் சம்பளத்திலிருந்தே மாதம் ஆயிரத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து, அவளுடைய காசையே அவளைக் கட்டும் கயிறாகத் திரித்திருக்கிறார்கள். அவளைத் தொழிலாளி என்று எழுதாமல் பயிற்சியாளர் என்று எழுதினார்கள். 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ல் சட்டம் வந்தது. பயிற்சியாளர் என்று பெயரிட்டால் அதற்கும் தப்பலாம் அல்லவா? இழை அறுந்தால் முடிச்சுப் போடப் பழக மூன்று வருஷமாம்! குருமடத்தில் நாங்கள் தத்துவ சாஸ்திரம் முழுவதையும் மூன்று வருஷத்தில் முடித்தோம்.

நெதர்லாந்திலுள்ள இரண்டு ஆய்வு அமைப்புகள் 2011-லும் 2014-லும் இந்த ஆலைகளைப்பற்றி அறிக்கைகள் வெளியிட்டன. அதன் பிறகு ஐரோப்பிய, அமெரிக்கத் துணி வியாபாரிகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சுமங்கலி என்ற பெயர் மெல்ல மறைந்தது. பெயர் போனதுபோல் வழக்கம் முழுவதும் போய்விடவில்லை. இன்று அதே விடுதிகளில் ஒடிசா, ஜார்கண்ட், பீகார் பெண்களும் இருக்கிறார்கள். பாஷை தெரியாததால் அவர்களுடைய நிலை நம் பிள்ளைகளுடையதைவிட ஒரு படி கீழே.

இது புதிய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். பெரம்பலூர் தாலூகா திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில் அந்த ஜில்லாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்னே போனார்கள். கங்காணியும் ஊர்க்காரர்தான். கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் அவர் முன்பணம் கொடுப்பார்; தோட்டத்தில் அது கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். ஆளோடு கடனும் கைமாறிற்று. சரியாகச் சொன்னால், கடனோடு ஆள் கைமாறினான். அந்தத் துண்டு முறையை இலங்கை அரசாங்கம் 1921-ல் ஒழித்தது. நம் பாட்டனார்களும் ஒப்புக்கொண்டு போனவர்கள்தாம்.

அதற்கும் முந்திய கதை வேதாகமத்தில் இருக்கிறது. கலியாணத்தைக் காட்டி வேலை வாங்கிய முதல் முதலாளி லாபான். ராக்கேலைத் தருகிறேன் என்று யாக்கோபிடம் ஏழு வருஷம் ஆடு மேய்க்க வாங்கினான். ஏழு வருஷம் முடிந்த இரவில் லீயாளைக் கொடுத்தான். மறுபடியும் ஏழு வருஷம் கேட்டான். பிறகு கூலியைப் பலமுறை மாற்றினான். யாக்கோபு ஒப்புக்கொண்டுதானே இருந்தார்? லாபான் தாய்மாமன் என்பதை மறவாதீர்கள். வெளி ஆளிடம் எழுதி வாங்கிக்கொள்வோம். மாமனிடம் எப்படிக் கேட்பது?

இனி நியாயத்துக்கு வருவோம். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891 மே 15-ல் வெளியிட்ட ரேரும் நொவாரும் என்ற நிருபத்தில் இதே வாதத்தை எடுத்துப் பரிசோதிக்கிறார். இரு தரப்பும் இசைந்தால் கூலி நியாயமாகிவிடும் என்பதை அவர் ஒப்புவதில்லை. ஒருவன் உயிர் வாழ்வதற்கு வேலை செய்தே தீர வேண்டியவனாய் இருக்கிறான்; அந்த நெருக்கடியாலோ இதைவிடக் கேடு வருமென்ற பயத்தாலோ கடினமான நிபந்தனைக்குத் தலையசைத்தால், அவன் பலாத்காரத்துக்கு உட்பட்டவனே என்பது அவர் தீர்ப்பு. 91 வருஷம் கழித்து, 1982 செப்டம்பரில், நம் சுப்ரீம் கோர்ட்டு ஏறக்குறைய அதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய கூலியாட்களின் வழக்கில் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றார். சாட்டை மட்டுமா கட்டாயம்? பசியும் வறுமையும் கட்டாயந்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒருவர் ரோமாபுரியில் இருந்த குரு, மற்றவர் டில்லியில் இருந்த நீதிபதி. இருவரும் ஒன்றையே கண்டார்கள்.

உங்களில் சுவிசேஷம் அறிந்தவர்கள் இங்கே என்னை மடக்கலாம். திராட்சைத் தோட்டத்து உவமையில் எஜமான், முறுமுறுத்த கூலியாளிடம், நீ என்னோடு ஒரு தெனாரியத்துக்கு ஒப்புக்கொண்டாய் அல்லவா என்றுதானே கேட்கிறார்? ஆம், கேட்கிறார். ஆனால் அதைக் கேட்பதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தரகரை அனுப்பவில்லை, விடியற்காலையில் தாமே சந்தைவெளிக்குப் போனார். வேலை தொடங்குமுன் கூலி இன்னதென்று பேசினார். அது ஒரு குடும்பம் ஒரு நாள் உண்ணப் போதிய கூலி. பொழுது சாய்ந்தவுடன் கணக்குத் தீர்த்தார். மூன்றாம் வருஷக் கடைசிக்கென்று நிறுத்தி வைக்கவில்லை. யாருக்கும் அவர் வாக்கிலிருந்து ஒரு காசு குறையவில்லை, சிலருக்கு ஏறத்தான் செய்தது. இவ்வளவையும் செய்த பிறகே, நீ ஒப்புக்கொண்டவன் அல்லவா என்று கேட்கும் உரிமை ஒருவருக்கு உண்டாகிறது.

ஆகச் சம்மதம் மெய்யாக இருக்க வேண்டுமானால், விஷயம் முழுவதும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். கூலி பிழைக்கப் போதியதாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றிய நாளில் உழைத்த காசோடு வெளியே வர வழி இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நாம் கேட்க மறக்கிறோம். உள்ளே போகும் வாசலைப்பற்றி ஆயிரம் விசாரிக்கிறோம், வெளியே வரும் வாசலைப்பற்றி விசாரிப்பதில்லை.

"நல்ல இடமா சாமி?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தோட்டம் போட்ட ஆலையும் இருக்கிறது, உள்ளே கோயில் கட்டிய ஆலையும் இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. பெண் போனில் பேசும்போது பக்கத்தில் யாரோ நிற்கிறாரா? "நல்லா இருக்கேன்மா" என்பதைத் தவிர வேறு சொல் வருவதில்லையா? பார்க்கப் போன தகப்பனை வாசலில் எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்? வேலையை விட்டவர்களைப்பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள்? "நின்றுவிட்டாள்" என்றால் அது வேலைத்தலம். "ஓடிப்போய்விட்டாள்" என்றால் அது வேறு ஏதோ, சிறையிலிருந்துதானே ஓடிப்போவார்கள். சூப்பர்வைசர் பெண்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, "ஏய், வாடி" என்கிறாரா? கழிப்பறைக்குப் போக யாரிடம் அனுமதி? மாதவிலக்கு வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து மிஷினுக்குத் திருப்பி அனுப்பிய தையல் ஆலைகளைப்பற்றி 2019-ல் செய்தி வந்தது. உங்கள் மகளிடம் தாய்தான் இதைக் கேட்க முடியும். "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்று சொல்கிற முதலாளியிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். குடும்பத்தில் பிள்ளை ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் தகப்பன் இரண்டு நாள் சோற்றைப் பிடிப்பதில்லை.

பெரிய கம்பெனி என்பதாலும் மயங்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் செல்போன் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அவர்கள் தூங்கிய அறைகளை அரசாங்கம் எட்டிப் பார்த்தது. அதே ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஆள் எடுக்கும்போது கலியாணமான பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. சுமங்கலித் திட்டத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அங்கே தாலியைக் காட்டி அழைத்தார்கள். இங்கே கழுத்தில் தாலி இருந்தால் வாசலில் நிறுத்தினார்கள் என்கிறார்கள்.

சீர்திருந்த முடியாது என்பதும் சரியல்ல. திண்டுக்கல் பக்கத்துத் தையல் ஆலை ஒன்றின் இளந்தொழிலாளி 2021 ஜனவரியில் கொலையுண்டாள். குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய மேற்பார்வையாளர். பெண்களே நடத்தும் தொழிற்சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும், அதனிடம் துணி வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனியும் சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டன. ஆலைக்குள்ளேயே தொழிலாளிப் பெண்கள் பயிற்சி பெற்று, தவறான நடத்தையைக் கண்ட இடத்தில் எடுத்துச் சொல்லும் முறை வந்தது. உடன்படிக்கையை அந்த ஊர்ப் பெயராலேயே இன்று உலகம் அழைக்கிறது. ஓர் உயிர் போன பிறகு வந்ததே என்ற வருத்தம் இருக்கத்தான் இருக்கிறது.

ஆலைக்காரரை மட்டும் குறை கூறி இதை முடித்தால் நமக்குச் சௌகரியம். நாமும் ஆள் எடுக்கிறோம். வெங்காயம் அறுக்க, பருத்தி எடுக்க, கடையில் நிற்க, வீட்டுக்குப் பாத்திரம் துலக்க ஆள் கூப்பிடுகிறோம். பங்கும் ஒரு முதலாளிதான்: உபதேசியார், சமையற்காரர், பள்ளி ஆசிரியை எல்லாரும் நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். வேலை கேட்டு வந்த பிள்ளையிடம் "எந்தத் தெரு?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதைக் கேட்காமல் வேலை கொடுக்க முடியும். சேர்க்கும்போது அசல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் நம் பக்கத்தில் உண்டு; ஆலை விடுதிப் பூட்டுக்கும் அந்தப் பீரோப் பூட்டுக்கும் வித்தியாசம் குறைவு. எடுக்க முடியாதவரிடம் "சொல்லி அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவது நம் தேச வழக்கம். அந்த ஒரு சொல்லை நம்பி வேறு வேலைக்குப் போகாமல் இரண்டு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இல்லை என்றால் இல்லை என்று அன்போடு சொல்லிவிடுவது தருமம். கடைக்காரர்களுக்கு ஒன்று: வேலையாட்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்தது. இருக்கை போட்டிருக்கிறோம் என்று காட்டுவது போதாது, உட்கார விடவும் வேண்டும்.

இப்போது எறையூர்ச் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வர வழியுள்ள வேலை வருவது சந்தோஷம். தூரம் குறைந்தால் கேள்வி கேட்பதும் சுலபம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்கப்பட வேண்டும். பத்துப்பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரைக் கேட்க உள்ளகக் குழு வேண்டுமென்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. பெண்கள் விடுதி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 2014-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம். திண்ணைக்கு வருகிற தரகரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆலை அவருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதையும் கேளுங்கள். உறவுக்காரரென்று கூச்சப்பட வேண்டாம். சம்பளம், வேலை நேரம், லீவு, இடையில் நின்றால் என்ன கிடைக்கும் என்று எழுதிய தாள் ஒன்றைத் தரச் சொல்லுங்கள். படிக்கச் சிரமமானால் மாலைப் பூசைக்குப் பிறகு பங்கு அறைக்குக் கொண்டுவாருங்கள், வாசித்து விளக்க ஆள் இருக்கும். தாள் தர மறுத்தால் அவருக்கு மோர் கொடுத்து வழியனுப்புங்கள், பெண்ணை அனுப்ப வேண்டாம்.

அவசர உதவிக்குப் பெண்களுக்கு 181, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு 1098. வெளியூர் ஆலைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகளின் பெயரையும் இடத்தையும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள். தபசு காலம் தொடங்குமுன் நானும் கன்னியர் இருவரும் போய்ப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். எந்த வாசலில் எவ்வளவு நேரம் எங்களைக் காக்க வைக்கிறார்கள் என்பதையும் குறித்து வந்து சொல்வோம்.