தமக்கைக்குச் சொல்லி அனுப்பினார்



ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நம் கோயில்களில் ஒரு தனிக் கூட்டம் சேரும். பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசர் சந்நிதியானாலும், லிவர்மோர் சிவ விஷ்ணு ஆலயமானாலும், ஹியூஸ்டனை அடுத்த பேர்லண்ட் மீனாட்சி கோயிலானாலும் காட்சி ஒன்றுதான். பதினெட்டு வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி அம்மாவும் அப்பாவும் இருபுறமும் நிற்பார்கள். அர்ச்சகர் கோத்திரமும் நட்சத்திரமும் கேட்பார். "ரட்கர்ஸில் சேர்கிறான்", "பெர்க்லியில் இடம் கிடைத்திருக்கிறது", "ஆஸ்டின் போகிறாள்" என்று அம்மா பூரிப்போடு சொல்வார். வெளியே காரில் அரிசி, குக்கர், எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, போர்வை, சின்ன டப்பாவில் விபூதி குங்குமம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஒன்றை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். "மனசு சரியில்லை என்றால் எந்த நேரமானாலும் எங்களிடம் சொல், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்" என்ற ஒரு வார்த்தை. இம்முறை அந்த வார்த்தையைப் பற்றியே சிந்திப்போம்.

திருநாவுக்கரசர் சரித்திரம் நாம் எல்லோரும் கேட்டதுதான். திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரோடு பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். தமக்கை திலகவதியார், தமக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி கேட்டு உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பியோ சமயங்களின் நல்வழியைத் தேடி வீட்டைவிட்டுச் சென்று, திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்று பெரும்பெயர் பெற்றார். இன்றைய பேச்சில் சொன்னால், நல்ல கல்லூரியில் நல்ல பெயர் வாங்கிய பிள்ளை. அங்கேதான் அவரைச் சூலைநோய் பற்றியது.

அப்போது அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். சமையற்காரர் ஒருவரைத் தமக்கையிடம் சொல்லி அனுப்பினார். "நானாகத்தானே வீட்டைவிட்டு வந்தேன், எந்த முகத்தோடு போவேன்" என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்காதா? இருந்தும் சொல்லி அனுப்பினார். அந்தப் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று திலகவதியார் சொன்னார். ஆனால் வாசலை அடைக்கவில்லை. இரவோடு இரவாகத் தம்பி திருவதிகை வந்து காலில் விழுந்தபோது, "அன்றே சொன்னேனே" என்று ஆரம்பிக்கவில்லை. திருநீறு கொடுத்தார். பொழுது விடியுமுன், கோயில் திருப்பணிக்குத் துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். வீரட்டானத்தில் நாவுக்கரசர் பாடிய முதற் பதிகமே, வயிற்றில் படும் வேதனையை இறைவனிடம் மறைக்காமல் எடுத்துச் சொல்லும் பதிகம். நோயைச் சொல்வதில் அவமானம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நமக்கு வேண்டாம்.

இன்று நம் பிள்ளைகளைப் பற்றும் சூலை பல சமயம் வயிற்றில் வருவதில்லை, மனத்தில் வருகிறது. அது வரும் வயதும் கல்லூரி வயதுதான். 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வாழ்நாளில் மனநோய் காண்பவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்று கண்டது. ஆகவே பிள்ளைக்கு மனச்சோர்வு வந்தால் அது நம் வளர்ப்பின் குற்றமும் அன்று, அவன் சோம்பலும் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். உயர்நிலைப் பள்ளியில் முதலிடத்தில் இருந்த பையன் வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போனான். அக்டோபரிலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஞாயிறுதோறும் போன் வரும். "சாப்பிட்டாயா? பரீட்சை எப்படி? ஜி.பி.ஏ. எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பான். தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தவன் பகலெல்லாம் படுத்தே கிடந்தான். அலுப்பு என்று அப்பா நினைத்தார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிதான் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவி, "ராத்திரி தூங்கறதில்லையாடா கண்ணா?" என்று கேட்டார். ஒன்றரை மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளிவந்தது. மூன்று மணிநேரம் பேசினானாம். அவன் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தான், வைத்தியம் பார்த்துக்கொண்டான், ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினான். இன்று அந்த ஒரு வருடத்தை யாரும் கேட்பதில்லை. பாட்டி கேட்ட கேள்வியில் படிப்பு இல்லை, பிள்ளை இருந்தான். அதுதான் வித்தியாசம்.

பெற்றோர் அறிய வேண்டிய ஒரு சட்டச் செய்தியும் உண்டு. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் படிப்புப் பதிவேடுகள்மீதுள்ள உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகிறது. நாம் பணம் கட்டினாலும், பிள்ளையின் அனுமதியின்றி நமக்குச் சொல்லக் கல்லூரி கடமைப்பட்டதன்று. உயிருக்கு ஆபத்தான அவசர நேரத்தில் சொல்ல இடமுண்டு. மற்ற சமயத்தில் பெரும்பாலும் நமக்குத் தகவல் வரும் வழி பிள்ளையின் வாய்தான். ஆகவே சேரும்போதே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, அவன் விரும்பினால், நம்மிடம் பேசக் கல்லூரிக்கும் மருத்துவருக்கும் அனுமதி தரும் படிவத்தில் கையெழுத்திடச் சொல்லலாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 26 வயதுவரை பிள்ளை நம் மருத்துவ இன்ஷூரன்ஸில் இருக்கலாம். அந்த இன்ஷூரன்ஸ் கல்லூரி இருக்கும் ஊரில் மனநல மருத்துவருக்குச் செல்லுமா என்று புறப்படுமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியின் ஆலோசனை நிலையங்கள் பல இடங்களில் சில சந்திப்புகளுக்குப்பின் வெளி மருத்துவரிடம் அனுப்பிவிடும்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்து, வார இறுதியில் நம் கோயில் பிரசாதத்தை வீட்டுச் சாப்பாடாக எண்ணிச் சாப்பிடும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பாடத்தைக் குறைத்தால் விசா போய்விடும்" என்ற பயத்திலேயே பலர் நோயை மறைக்கிறார்கள். உடல்நலக் காரணத்துக்காகப் பாடச்சுமையைக் குறைக்க விதியில் இடம் இருக்கிறது. மருத்துவரோ, உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளரோ தரும் சான்றோடு, கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம்வரை இந்த அனுமதி கிடைக்கும். முன்கூட்டியே கேட்பதுதான் முக்கியம்.

"சுவாமியை வேண்டிக்கொண்டால் போதாதா? டாக்டர் எதற்கு? ஜாதகத்தில் சனி சரியில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களை மரியாதையோடு குணசீலத்துக்கு அழைக்கிறோம். திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கும் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு, மனம் கலங்கியவர்களைத் தலைமுறை தலைமுறையாக அழைத்து வருகிறார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபட்டு, பூஜை முடிவில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப் பெறுவார்கள். அதே குணசீலத்தில் அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் உண்டு. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். பெருமாள் தீர்த்தமும் தருகிறார், வைத்தியரையும் அனுப்புகிறார். இரண்டையும் ஏற்றுக்கொள்வதே பக்தி.

வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வைத்தியத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். மாத்திரையும் மருத்துவரும் கல்லூரி ஊரில் கிடைப்பார்கள். நான்காவது அங்கம் நாம்தான். திலகவதியார் திருப்பாதிரிப்புலியூர் செல்லவில்லை. நமக்கோ அந்தத் தடை கிடையாது. பிள்ளை "வர முடியவில்லை" என்றால் அன்றிரவே விமானம் ஏறுவோம்.

பயமான ஒன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த சாட்டோ தம்பதியர் 1998-இல், அரிசோனா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தம் மகன் ஜெட் என்பவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார்கள். அந்தத் துக்கத்திலேயே முடங்கிவிடாமல், 2000-இல் அவன் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். மாணவர் மனநலத்தை எப்படிக் காப்பது என்று கல்லூரிகளுக்கு அது வழிகாட்டி வருகிறது. நம் சென்னையிலும் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ஸ்நேகாவில், துயரத்தில் இருப்பவர் பேசுவதைத் தொண்டர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். பொறுமையாகக் கேட்பதே அங்கே தொண்டு. பிள்ளையின் பேச்சில் நம்பிக்கை அற்றுப்போன தொனி தெரிந்தால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பூட்டிக் கிடந்த கதவு திறக்கும் என்பதே மருத்துவர்கள் சொல்வது. 2022 ஜூலை முதல் இந்நாடு முழுதும் 988 என்ற எண்ணில் இரவும் பகலும் போனிலும் குறுஞ்செய்தியிலும் உதவி கிடைக்கிறது. அந்த நொடியே ஆபத்து என்றால் 911.

கல்லூரி செல்லும் குழந்தைகளே, உங்களுக்கும் சொல்கிறோம். தூக்கம் இரண்டு வாரம் கெட்டாலோ, பிடித்ததெல்லாம் பிடிக்காமற் போனாலோ, குளிக்கவும் சாப்பிடவும் பாரமாகத் தோன்றினாலோ, அது உங்கள் பலவீனம் என்று எண்ணாதீர்கள். ஜுரம் வந்தால் மாணவர் மருத்துவ நிலையத்துக்குப் போகிறீர்கள் அல்லவா, அதே கட்டடத்துக்குப் போங்கள். அறைத் தோழன் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தால் தட்டிப் பாருங்கள். கூடவே நடந்து போய் ஆலோசகரிடம் உட்கார வையுங்கள். அப்பா அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் அக்காவிடம், சித்தியிடம், கோயிலில் உங்களுக்கு சுலோகம் சொல்லிக்கொடுத்த மாமியிடம் சொல்லுங்கள். நாவுக்கரசரும் ஒரு சமையற்காரரிடம்தான் சொல்லி அனுப்பினார்.

பெற்றோருக்கு ஒரு சிறு வேண்டுகோள். ஆகஸ்டில் அந்த விபூதி டப்பாவைக் கட்டும்போது, உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். 988 என்ற எண், கல்லூரி ஆலோசனை நிலையத்தின் எண், அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தில், "மார்க் எப்படியானாலும் நீ எங்கள் குழந்தை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று ஒரு வரி. மூடியைத் திறக்கும் ஒரு கஷ்டமான இரவில், திருநீற்றோடு அந்த வரியும் கையில் ஒட்டும்.

நம் பிள்ளைகள் யாவரும் உடல் நலமும் மன நலமும் பெற்று நீடூழி வாழ எல்லாம்வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம்.

திருச்சிற்றம்பலம்.