யாருக்கும் காட்டாத எண்

ஃபுட்பால் மேனேஜர் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. இன்றைய திறன் ஒன்று, என்றைக்காவது எட்டக்கூடிய உச்சம் இன்னொன்று. இரண்டுக்கும் அளவுகோல் 200. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சில்லறைதான்: பாஸ், வேகம், துணிச்சல் என்று 1 முதல் 20 வரை மதிப்பெண்கள்.

சில்லறையை அப்படியே கூட்டினால் திறன் வந்துவிடாது. ஆடும் இடத்தைப் பொறுத்து எடை மாறும். ஸ்ட்ரைக்கருக்கு கோலடிக்கும் மதிப்பெண்ணில் ஒன்று ஏற்றினால் அவருடைய 200-ல் கணிசமாகச் செலவாகும். பந்தைப் பறிக்கும் மதிப்பெண்ணை ஏற்றினால் கிட்டத்தட்ட ஓசி. அணிக்கும் இதே கதைதான். பெரிய எண்காரர்களாகப் பார்த்து வாங்கிக் குவிப்போம். எல்லாரும் முன்னால் ஓடுகிறவர்கள், பின்னால் திரும்பி ஓட ஒருத்தன் இருக்கமாட்டான். ஜனவரியில் ஏழாவது இடம்.

இதுவரைக்கும் கணக்கு. எனக்கு உறுத்துவது அந்த இரண்டாவது எண்.

2001-02 சாம்பியன்ஷிப் மேனேஜரில் மில்வாலின் செர்னோ சாம்பா உலகத்தரமான ஸ்ட்ரைக்கராக வளர்வார். அப்போது அவர் பதின்வயதுப் பையன். நிஜத்தில் காதிஸ், பிளைமத் என்று கிளப் மாறி மாறி, அந்த உயரத்தைத் தொடாமலே அவருடைய ஆட்டம் முடிந்தது. அவர் தோற்றார் என்று சொல்ல நாம் யார்? அந்த உயரத்தை அவருக்குக் குறித்தது வேறு யாரோ. 2008-ல் எவர்டன் கிளப் இந்தத் தரவுத்தளத்தை நிஜ வீரர்களைத் தேடவே பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. எண் விளையாட்டை விட்டு வெளியே வந்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால், எண்ணே இல்லாத காலம் ஒன்றும் பொற்காலமில்லை. அப்போது சிபாரிசு இருந்தது. எந்த ஸ்கவுட்டும் எட்டிப் பார்க்காத ஊர்ப் பையனை ஒரு அட்டவணையாவது பார்க்கிறது. இன்றைய திறனை அளப்பதில் எனக்குத் தகராறு கிடையாது. உச்சத்தை எழுதி வைப்பதில்தான். நிரலுக்கு ஒரு மேல் எல்லை வேண்டும் என்பதும் புரிகிறது. நானும் அதே பிழைப்புதான். ஆனால் அந்த நிரலாளர்களே ஒரு வேலை செய்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது: இளம் வீரருக்கு உச்சமாக -9 என்று எழுதலாம். அப்படி எழுதினால் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் ஒரு வரம்புக்குள் வேறு வேறு எண் விழும். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு நிரலில் ஒரு இடம்.

ஐடி கம்பெனிகளில் ஒன்பது கட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் செயல்திறன், இன்னொரு பக்கம் ‘பொட்டென்ஷியல்’. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது பெரும்பாலும் நமக்கே சொல்லப்படாது. அதில் -9 கிடையாது. விளையாட்டில் உச்சம் 110 என்றால் அது உண்மை, ஏனென்றால் நிரல் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அலுவலகத்தில் அது உண்மையாக்கப்படுகிறது. கீழ்க்கட்டத்துக்காரருக்குப் புது ப்ராஜெக்ட் போகாது, பழைய சிஸ்டத்தின் பராமரிப்பு போகும். இரண்டு வருஷம் கழித்து, ‘பாருங்க, வளரவே இல்ல’ என்பார் மேனேஜர், அதே கட்டத்தில் மறுபடி டிக் அடித்துக்கொண்டே.