சுங்கம் செலுத்துவது யார்?

சாலையைப் பயன்படுத்துகிறவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சுங்கச்சாவடிகளின் அடிப்படைக் கொள்கை. கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. நெடுஞ்சாலையில் கால் வைக்காத ஏழைக் குடியானவர் அதற்கு ஏன் வரி கட்ட வேண்டும்? ஆயினும், பயன்படுத்துகிறவர் யார் என்று ஆராயத் தொடங்கினால் அந்த நியாயம் அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வட மாநிலங்களுக்குச் செல்லும் லாரிகளுள், உரிமையாளரே ஓட்டிச் செல்லும் ஒற்றை லாரிகளும் உண்டு. கடனில் வாங்கிய வண்டி; மாதத் தவணை தவறக் கூடாது. அவ்வண்டி சுமக்கும் சரக்கோ அவருடையதன்று. நம் அடுப்படிக்கு வரும் வெங்காயமும் நம் வீட்டிற்கு வரும் சிமெண்டும் அதில்தான் வருகின்றன. அந்தச் சாலையால் பயன் பெறுகிறவர்கள் நாம். நமக்காக அதில் விழித்திருப்பவர் அவர்.

லாரி மிகுதியாகச் செலுத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில், 2007-08க்கான அடிப்படை வீதம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு. லாரிக்கு 2 ரூபாய் 20 காசு. அச்சின் பாரம் இருமடங்கானால் சாலையின் தேய்மானம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சோதனை காட்டியது. ஆகவே வீதத்தில் உள்ள வேற்றுமையை மட்டும் அநீதி என்று சொல்லிவிட இயலாது.

செலுத்திய பணம் திரும்பி வருகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நூறு வண்டிகள் வைத்திருக்கும் நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் சுங்கத்தைத் தனியே எழுதிப் பெற வல்லது. ஒற்றை லாரிக்காரரோ, புக்கிங் ஆபீசில் தரகர் சொல்லும் மொத்த வாடகைக்குத் தலையசைக்கிறார். டீசலும் சுங்கமும் அதற்குள் அடக்கம். அவர் மறுத்தால் அடுத்த லாரி புறப்பட்டுவிடும். திரும்பு லோடு கிடைக்காமல் வெறும் வண்டியாக வந்தாலும், காலி என்பதற்காகச் சாவடியில் கட்டணம் குறைவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் கட்டணத்தை உயர்த்த விதி இருக்கிறது. வாடகையை உயர்த்த அத்தகைய விதி இல்லை. டீசல் விலையிலும் சாலைக்கான மேல்வரி அடங்கியிருக்கிறது.

2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. காத்திருப்பு குறைந்தது நன்மையே. ஆனால் வாடகைப் பாக்கி கைக்கு வருமுன்னரே சுங்கப் பணம் கணக்கில் இருந்தாக வேண்டும். 2025 ஆகஸ்டு 15 அன்று சொந்தக் கார் வைத்திருப்போருக்கு 3,000 ரூபாய்க்கு ஆண்டு அட்டை அறிமுகமாயிற்று. 200 முறை சாவடிகளைக் கடக்கலாம். சரக்கு வண்டிக்கு அந்த அட்டை இல்லை. உல்லாசப் பயணத்திற்குச் சலுகை. பிழைப்பிற்கு முழுக் கட்டணம்!

பொதுநலனுக்காக இயற்றப்பட்ட சட்டமேயாயினும், சுமைகளை மக்களிடையே முறையின்றிப் பங்கிடுமானால் அது நீதியற்றதாகிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். சுமக்க வல்லவனின் தோளிலிருந்து நழுவி, மறுக்க இயலாதவனின் தோளில் சுமை தங்கிவிடுவது எங்ஙனம் முறையான பங்கீடாகும்?

அரசு செய்ய வேண்டியவை பல உண்டு. எனினும் நம்முள்ளும் வணிகர் இருக்கிறோம், வீடு கட்டுவோர் இருக்கிறோம், சரக்கு அனுப்புவோர் இருக்கிறோம். வாடகையோடு சுங்கத்தையும் தனியே கணக்கிட்டு ஓட்டுநரிடம் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை, மனச்சான்று போதும்.