வாக்காளர் இடாப்பும் நம் மனச்சாட்சியும்

பாராளுமன்றத் தேர்தல் என்றால் நாடே அமர்க்களப்படுகிறது. பிரதேச சபைத் தேர்தலோ நம்மிற் பலருக்கு ஒரு சிறு காரியம். ஆனால் உங்கள் ஒழுங்கையில் விளக்கு எரிவதும், சந்தையில் குப்பை அள்ளப்படுவதும் அந்தச் சிறு காரியத்திலேயே தங்கியுள்ளன. வட்டாரம் சிறிதாகையால், இடாப்பிற் பத்துப் பெயர் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறிவிடக் கூடும். ஆகவே வாக்குப் பெட்டி வருமுன்னரே ஒரு கேள்வி எழுகிறது: ஊரில் வாக்களிக்க உரித்துடையவர் யார்?

சட்டத்தின் விடை எளிது. இலங்கைப் பிரசையாய், 18 வயது நிரம்பி, அவ்விடத்திற் சாதாரணமாக வசிப்பவர். ஒருவரின் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் இடாப்புத் திருத்தப்படுகிறது. வீட்டின் பிரதான குடியிருப்பாளர் படிவத்தை நிரப்பி ஒப்பமிடுகிறார்.

காணி உண்டா, பரம்பரை ஊரவரா என்று சட்டம் இன்று கேட்பதில்லை. ஒரு காலத்திற் கேட்டது. 1931க்கு முன் சொத்தோ வருமானமோ படிப்போ உள்ள ஆண்களே சட்டசபைக்கு வாக்களித்தனர். அவர்கள் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. 1959இல் அவ்வயது 18 ஆயிற்று.

எனினும் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் பிரசாவுரிமையும் வாக்கும் இழந்தனர். நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. வாக்குப் பெற்றோருக்கும் குறை தீரவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துப் பாதைகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. பெயரை விலக்குவது எத்தகைய அநீதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, உங்கள் கையிலுள்ள படிவத்தைப் பாருங்கள். இங்கே இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, இல்லாதவரைச் சேர்ப்பது. கனடாவிலோ பாரிசிலோ குடியேறிவிட்ட மகனின் பெயரை, “அவன் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே” என்று எழுதிவிடுகிறோம். பாசம் குற்றமன்று. ஆனால் ஊர் வாய்க்கால் அடைபட்டால் வெள்ளத்திற் கால் வைப்பவர் அவரல்லர். மேலும், ஆளில்லாப் பெயர் ஆள்மாறாட்டம் செய்வோருக்கு நாமே திறந்துவிடும் கதவு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்றும் மாறாது. இடாப்போ இன்று இங்கு வாழ்வோரின் கணக்கு.

இரண்டாவது, இருப்பவரை விடுவது. வாடகைக்கு இருக்கும் குடும்பம், மணமுடித்து வந்த மருமகள், வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண் ஆகியோரின் பெயர் விடுபட்டால் யார் கவலைப்படுகிறார்கள்? “வந்தான் வரத்தானுக்கு இங்கென்ன வாக்கு?” என்போரும் உளர். அவர்களும் அதே கிணற்றிலே தண்ணீர் அள்ளுகிறார்கள். அதே சபைக்கு வரி இறுக்கும் கடையிலே சாமான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு மட்டும் வாய் இருக்கக் கூடாதா?

“அப்படியானால் இடம்பெயர்ந்தவர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்திலும், வலிகாமம் வடக்கு மக்கள் முகாம்களிலும் பல்லாண்டு வாழ்ந்தனர். அவர்கள் ஊரை விட்டவர்களல்லர், விடச் செய்யப்பட்டவர்கள். இத்தகையோர் தம் பழைய ஊரிற் பதிந்துகொள்ள 2013இல் ஒரு விசேட சட்டம் இடமளித்தது. தானாகக் குடிபெயர்ந்தவரையும் விரட்டப்பட்டவரையும் ஒரே கோலால் அளப்பது நீதியாகாது. வசிப்பிடம் என்ற விதி ஏழையைக் காக்கவே உண்டானது. வீடிழந்தவனை மீண்டும் ஒருமுறை வெளியேற்றுவதற்கன்று.

ஆகவே அன்பான வாசகர்களே, படிவம் வரும்போது கட்சியையும் சாதியையும் உறவையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வீட்டில் இருப்போரை உள்ளபடி எழுதுங்கள். இடாப்புப் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் உங்கள் பெயரை மட்டும் தேடித் திரும்பாதீர்கள். அயல் வீட்டுக் கிழவியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் தவணை முடியுமுன் உரிமை கோர அவருக்குத் துணை செல்லுங்கள்.