தரையில் நிற்கும் விமானி

தன் கையில் உள்ள கருவியால் தூரத்தில் உள்ள ஒன்றை ஆட்டி வைக்கிறானே, அவனுக்கு அந்தத் தூரம் பொறுப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேட அரண்மனைக்கும் படைவீட்டுக்கும் போக வேண்டும் என்று நினைப்பீர்கள். நான் ஒரு விளையாட்டைத் தேடிப் போகிறேன். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்களைக் கட்டி ஆகாயத்தில் விடுகிறார்களே, அந்த விளையாட்டு.

விளையாட்டு என்றதும் குழந்தை கைப்பொம்மை நினைவுக்கு வர வேண்டாம். பெரியவர்கள் கட்டும் பெரிய விமானங்களைச் சொல்கிறேன். எது பெரியது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. ஒற்றை இறக்கை விமானமானால் முனைக்கு முனை 80 அங்குலமாவது இருக்க வேண்டும். இரட்டை இறக்கையானால் 60 அங்குலம். அல்லது அசல் விமானத்தில் நாலில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 1930-களின் கடைசியில் வந்த பைப்பர் கப் என்ற சிறு விமானத்துக்கு இறக்கை அகலம் சுமார் 35 அடி. அதன் நாலில் ஒரு பங்கு என்றாலும் ஒன்பது அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இறக்கையைக் கழற்றாமல் வாசற்படி தாண்ட முடியாது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், மாடி அறையில் இரண்டு வருஷம் இதே வேலையாக இருந்தார். தக்கையைப் போல லேசான பால்சா மரத்தை விலா எலும்புகள் மாதிரி வெட்டுவார், உப்புத்தாளால் தேய்ப்பார், நிறுத்துப் பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். எலும்புக்கூடு முடிந்ததும் துணியை இழுத்துப் போர்த்தி, மேலே பூச்சுப் பூசினார். "இந்த அக்கறையில் கால் பங்கைக் கூரை ஒழுகுகிற இடத்தில் காட்டியிருக்கலாம்" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அவர் சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டிருப்பார்.

விமானத்தை நாலில் ஒன்றாகச் சுருக்கினால் நீளம் நாலில் ஒன்றாகும். இறக்கையின் பரப்பு 16-ல் ஒன்றாகும். எடை 64-ல் ஒன்றாக வேண்டும். அசல் பைப்பர் கப் வெறும் எடையில் சுமார் 345 கிலோ. ஆகவே மாதிரி ஐந்தரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஆனால் இஞ்சினும் மின்கலமும் கம்பிகளும் சேர்ந்து பெரியவரின் விமானம் ஏழு கிலோவில் போய் நின்றது. மரத்தையும் துணியையும் சுருக்கலாம். காற்றைச் சுருக்க முடியாது. கீழே நிற்கும் மனிதனின் மண்டையோட்டையும் சுருக்க முடியாது. ஏழு கிலோ மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதும், ஏழு கிலோக் கல் ஒன்றை நாலு மாடி உயரத்திலிருந்து தலையில் போடுவதும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். பொம்மை என்ற பெயர் அங்கே யாரையும் காப்பாற்றாது.

அசல் விமானத்தை ஓட்டுகிறவன் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். தவறு செய்தால் முதல் பலி அவன்தான். அந்தப் பயமே அவனுக்கு ஒரு காவல். மாதிரி விமானத்தை ஓட்டுகிறவனோ தரையில் நிற்கிறான். விமானம் விழுந்தால் அவன் செருப்பில்கூடத் தூசி படாது. அடி பட்டால் அது வேறு யார் மேலாவதுதான் படும். அப்படியானால் அவனுக்குக் காவல் எது?

இந்த விளையாட்டில் புதிதாகச் சேர்கிறவனை முதலில் திணற வைக்கும் சங்கதி ஒன்று உண்டு. விமானம் அவனை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் நேராக இருக்கும். கருவியில் உள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினால் விமானமும் அவனுக்கு வலப்பக்கம் திரும்பும். அதே விமானம் அவனை நோக்கித் திரும்பி வரும்போது, வலப்பக்கம் தள்ளினால் அவன் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். விமானத்துக்கு அதுதானே வலப்பக்கம்! நின்ற இடத்திலிருந்து பார்க்கிறவன் பதறி மேலும் தள்ளுகிறான். விமானம் மண்ணில் குத்துகிறது. பழகியவன் என்ன செய்கிறான்? உடம்பைத் தரையில் விட்டுவிட்டு, மனத்தை மட்டும் கொண்டுபோய் விமானத்தின் காலி ஆசனத்தில் உட்கார வைக்கிறான். அங்கிருந்து பார்க்கிறான். பிறன் இடத்தில் நின்று பார் என்று நீதி நூல்கள் சொல்வதை இங்கே விரல்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழக்கமும் என்னைக் கவர்ந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அலைவரிசை எண் இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு பேர் கருவியை முடுக்கினால், ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவனின் விமானம் பேதலித்து விழுந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை. அதில் எண்கள் எழுதிய துணிக் கவ்விகள். தன் எண்ணுக்குரிய கவ்வியை எடுத்தவன்தான் கருவியைத் தொடலாம். பூட்டு இல்லை, காவலாள் இல்லை. ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து கவ்வி இல்லாமல் கருவியை முடுக்கி அணைத்தால், யார் செய்தது என்று கண்டுபிடிப்பது கடினம். இருந்தும் உலகம் முழுவதும் மைதானங்கள் பல வருஷங்கள் இந்தக் கவ்விகளை நம்பியே நடந்தன. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்த புதுக் கருவிகள், மோதாத அலைவரிசையைத் தாமே தேடிக்கொள்கின்றன. கவ்விக்குத் தேவை பெரும்பாலும் போய்விட்டது. யந்திரம் நம் கவலையைத் தானே ஏற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் கவலைப்பட்ட பழக்கமும் அதோடு போய்விடக் கூடாது.

பெரியவரின் விமானம் எப்படிப் பறந்தது என்று கேட்பீர்கள். அழகாகப் பறந்தது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பறந்தபோது இஞ்சின் நின்றுவிட்டது. இஞ்சின் நின்றாலும் மின்கலம் இருக்கும் வரை விமானம் சொன்னபடி கேட்கும். மிதந்து வந்து இறங்கும். ஆனால் அதற்கும் ஓடுபாதைக்கும் நடுவே, வேடிக்கை பார்க்க வந்த ஆடு மேய்க்கும் பையன்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலாகக் கொண்டுவந்தால் பத்துக்கு எட்டுத் தரம் பத்திரமாக வந்துவிடும். அவர் ஒரு கணம்கூடத் தயங்காமல் விமானத்தைக் கருவேலம் புதருக்குள் திருப்பினார். இரண்டு வருஷ உழைப்பு முறிகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"வந்திருக்குமே, சார்!" என்றேன் நான்.

"வந்திருக்கும். ஆனால் விமானம் என்னுடையது. அதை வைத்து நான் சூதாடலாம். அந்தப் பையன் தலை என்னுடையது இல்லையே!" என்றார்.

இதே வித்தை எங்கெங்கு போயிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள், எட்டடி இறக்கை கொண்ட மாதிரி விமானத்தை ரேடியோவால் பறக்க விட்டார்கள். ஒருவர் விமானத்தைக் கட்டினார். மற்றவர் ரேடியோவைக் கட்டினார். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் சொத்து. அதே காலத்தில் ரெஜினால்ட் டென்னி என்ற ஹாலிவுட் நடிகர் மாதிரி விமானக் கடை வைத்திருந்தார். அந்த ஆசையில் பிறந்த அவருடைய கம்பெனி, இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்காக ஏறக்குறைய 15,000 ஆளில்லா விமானங்களைச் செய்து கொடுத்தது. சுடப்படுவதற்காகப் பறந்த ஆளில்லா விமானம், பிறகு வேவு பார்க்கப் பழகியது. அதற்கும் பிறகு சுடவே பழகிவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நெவாடா பாலைவனத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்தபடி, ஆப்கானிஸ்தானத்தின் மேல் பறக்கும் விமானத்தை இயக்கினார்கள். வேலை முடிந்ததும் காரில் ஏறி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

அவர்களில் சிலர் பிறகு தூக்கமும் நிம்மதியும் இழந்து தவித்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. உடம்பு போகாத இடத்துக்கு மனச்சாட்சி போய்விட்டு வந்திருக்கிறது. அந்தச் செய்தி எனக்கு வேதனை தந்தது. கொஞ்சம் நம்பிக்கையும் தந்தது. ஒன்றும் தோன்றாமல் தூங்கியிருந்தால் அல்லவா மனித குலத்துக்காக நாம் அஞ்ச வேண்டும்!

ஆகவே என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். தூரம் பொறுப்பைக் கூட்டுகிறது. பக்கத்தில் இருப்பவனுக்குக் கண்ணும் காதும் பயமும் உதவி செய்கின்றன. தூரத்தில் இருப்பவனுக்குக் கற்பனை ஒன்றுதான் துணை. கோப்பில் கையெழுத்திட்டு ஒரு கிராமத்தையே இடம் பெயர்க்கிற அதிகாரியும், வேறொரு நகரத்தில் இருந்துகொண்டு தொழிற்சாலையை மூடச் சொல்கிற முதலாளியும், வீட்டிலிருந்தபடியே முகம் தெரியாதவரின் பெயரைக் கெடுக்கிற நாமும் தரையில் நிற்கும் விமானிகள்தாம். நம் செருப்பில் தூசி படுவதில்லை.

நம் கையில் உள்ள விசையைத் திருகுவதற்கு முன்னால், யாருடைய விமானம் இப்போது ஆகாயத்தில் இருக்கிறது என்று அந்தப் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது நல்லது.