நன்றி சொல்லாத சனம்

சுவிஸுக்கு வந்த எங்களுக்கு முதலில் வாயில் படிந்த அந்நியச் சொல் 'மெர்சி'. டொச் பேசுகிற மாநிலங்களிலும் இந்தப் பிரெஞ்சுச் சொல்லைச் சனம் தாராளமாகப் பாவிக்கிறது. ஒரு பாண் வாங்கினால் குறைந்தது நாலு மெர்சி செலவாகும். காசை நீட்ட அந்தப் பெண் ஒன்று சொல்லுவாள், மிச்சக் காசை வாங்க நாங்கள் ஒன்று, பையைத் தூக்க இன்னொன்று, கதவடியில் இரண்டு பேரும் சேர்ந்து கடைசி ஒன்று. இதற்கு மறுமொழியான 'பிட்டெ' இன்னும் விசித்திரம். தயவுசெய்து என்பதும் அதுதான், பரவாயில்லை என்பதும் அதுதான், இந்தாருங்கள் என்பதும் அதுதான், காதில் விழாவிட்டால் என்ன சொன்னீர்கள் என்று கேட்பதும் அதுதான். பாண் எங்களுக்குப் போகிறது, காசு கடைக்குப் போகிறது. இதில் யாருக்கு யார் கடன்?

எம்மவரிடம் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. வெள்ளைக்காரருக்கு நன்றி உதட்டில், எங்களுக்கு நெஞ்சில் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்ளுகிற நல்ல கதைகளை ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த விளக்கத்தில் பாதி உண்மை உண்டு. திருக்குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி என்பது செய்யப்படுவது, வாயால் சொல்லப்படுவதல்ல. ஒருவர் செய்த நன்மைக்கே அந்தப் பெயர். வாங்கினவர் செய்ய வேண்டியது அதை அறிவதும் மறக்காமல் இருப்பதும். இன்று நாங்கள் மேடையில் 'நன்றியுரை' என்று கடைசி ஆளைக் கூப்பிடுகிறபோது சனம் கதிரையை விட்டு எழும்பத் தொடங்கிவிடுகிறது. 'தயவுசெய்து' என்ற சொல்லும் அப்படித்தான், மனுக்களிலும் அறிவித்தல் பலகைகளிலும் மட்டும் வாழ்கிற சொல். ஊரில் மரியாதை தனிச்சொல்லாக நிற்பதில்லை, வினைக்குள் கிடக்கும். வாங்கோ, இருங்கோ, தாங்கோ. அந்த 'ஓ' என்ற இழுப்பிலேயே பிட்டெயின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது விளங்குவதில்லை. சோற்றுக் கோப்பையை முன்னால் வைக்க, பிள்ளை 'மெர்சி அம்மா' என்கிறது. தாய்க்குச் சுருக்கென்று படுகிறது. "நான் என்ன கடைக்காரியே, எனக்கு நன்றி சொல்ல?" பிள்ளை முழிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நல்ல பழக்கம் என்று படிப்பித்தது வீட்டில் ஏன் குற்றமாகிறது? இந்தக் காட்சி எங்களில் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது. தாயின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நன்றி சொன்னால் கணக்கு முடிந்துவிடுகிறது. உறவென்பது கணக்கை முடிக்காமல் வைத்திருப்பது.

செத்தவீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலில் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள், பந்தல் போடுவார்கள், விறகு கொத்துவார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த செத்தவீட்டுக்கு நீ வரத் தேவையில்லை என்றுகூட அது அர்த்தப்பட்டிருக்கும். ஆனால் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் 'நன்றி நவிலல்' இருக்கும். மலர்வளையம் வைத்தோர், தந்தி அனுப்பியோர், உணவளித்தோர் என்று எல்லாருக்கும் ஒரே வசனத்தில், அச்சில். நேரில் சொல்லக் கூச்சப்படுகிற சனம் அச்சில் சொல்லக் கூச்சப்படுவதில்லை.

அந்தப் பட்டியலில் வராதவர்களும் உண்டு. அங்கேதான் எங்கள் நெஞ்சு நன்றியின் மற்றப் பாதி தெரிகிறது. வெள்ளை கட்டியவர், பறை அடித்தவர், சவரம் செய்தவர். இவர்களுக்கு நன்றி சொல்லாதது உறவின் நெருக்கத்தாலா? அது குடிமை. அவர்கள் செய்ய வேண்டியது, நாங்கள் வாங்க வேண்டியது என்று எழுதாமலே எழுதி வைத்தது. வாங்கோ என்ற மரியாதையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாடி நரைத்த மனிதரைச் சின்னப் பெடியன் 'வா', 'இரு' என்றான். 1957இல் சாதியின் பெயரால் மறிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. சட்டத்தால் வினைச்சொல்லின் விகுதியைத் திருத்த முடியவில்லை. தாய்மாரின் கதையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பியவளுக்கு நன்றி சொல்லாததை அன்பு என்கிறோம். அவளும் அப்படியே நம்பியிருக்கிறாள். ஒரே மௌனம் இரண்டு வேலை பார்த்திருக்கிறது. ஒரு பக்கம் உறவை மூடாமல் வைத்தது, மறுபக்கம் உழைப்பை மூடி மறைத்தது.

அதற்காக மெர்சியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். குசினியில் கோப்பை கழுவுகிற எங்களுக்கு ஓர் இரவில் கிடைக்கிற மெர்சிகளுக்குக் கணக்கில்லை. சட்டியைத் தள்ளிவிட்டால் ஒரு மெர்சி, தட்டை அடுக்கினால் ஒரு மெர்சி. ஆறு மாதமாக மெர்சி சொன்னவருக்கு எங்கள் பெயர் தெரியாது. பெயர் நீளம் என்று மூன்று எழுத்தாக வெட்டித் தானே ஒன்று வைத்திருப்பார். ஆனாலும் இந்த நாட்டில் நன்றியைப் பற்றி யோசிக்கத்தக்க ஒரு காரியம் நடந்திருக்கிறது. பரிமாறுகிறவர் முன்பு வாடிக்கையாளரின் 'குடிகாசை' நம்பியிருந்தார். 1974இல் அந்தச் சேவைக் கட்டணம் கூட்டு ஒப்பந்தத்தால் விலைக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அன்றுவரை தயவாக இருந்தது சம்பளமானது. இன்றும் சனம் மேலே சில்லறை வைக்கத்தான் செய்கிறது. சில இடங்களில் அதில் பங்கு குசினிக்கும் வரும், சில இடங்களில் வராது. ஆனால் அதை வைக்காவிட்டால் பரிமாறியவரின் வீட்டில் அடுப்பு அணையாது. அப்படியானால்தான் அந்தச் சில்லறை உண்மையில் நன்றி ஆகிறது.

இந்த வித்தியாசம் எங்களுக்கு வெறும் தத்துவம் அல்ல. 'இந்த நாட்டுக்கு நன்றியோடு இருக்க வேணும்' என்று அதிகாரி பார்வையால் சொல்லுகிறார், எங்கள் பெரியவர்கள் வாயாலேயே சொல்லுகிறார்கள். 1951இல் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் சாசனத்தைச் சுவிஸ் 1955இல் ஏற்றுக்கொண்டது. துன்புறுத்தப்படும் இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதில் இருப்பது இரக்கமல்ல, கடப்பாடு. கடப்பாட்டுக்கு ஏன் தலைகுனிய வேண்டும்? ஆனால் கிழமைக்கு ஒருநாள் தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு டொச் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியைகளை எந்தச் சாசனமும் அனுப்பவில்லை. குளிரில் மேற்சட்டை கொண்டுவந்து தந்தவர்களையும் அனுப்பவில்லை. அவர்களுக்கு எத்தனை மெர்சி சொன்னாலும் காணாது.

தத்துவஞானி கான்ற் 1797இல் வெளிவந்த தன் அறவியல் நூலில், நன்றிக்கடனை முற்றாகத் தீர்க்கவே முடியாது என்கிறார். முதலில் கொடுத்தவர் முந்திவிட்டார், பிறகு எவ்வளவு திருப்பிக் கொடுத்தாலும் அந்த முந்தலை ஈடுசெய்ய முடியாது என்பது அவருடைய நியாயம். கான்ற் எங்கள் ஆட்களைச் சந்தித்ததில்லை. 'நான்தான் உனக்கு இந்த வேலை எடுத்துத் தந்தனான்' என்ற ஒரு வசனத்தை வைத்துப் பத்து வருடம் ஒருவனை ஞாயிற்றுக்கிழமையும் சும்மா வேலைவாங்குகிற முதலாளிமார் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவன் மிகைநேரச் சம்பளம் கேட்டால் நன்றிகெட்டவன். 2009 வரை வாசலில் வந்து பங்களிப்புக் கேட்டவர்களும் கடன், கடமை என்ற சொற்களோடுதான் வந்தார்கள். கேள்வி கேட்டவனுக்குக் கிடைத்த பட்டமும் இதற்குத் தூரத்துச் சொந்தம். தீராத கடன் என்று சொல்லுகிறவர் கொடுத்தவராக இருக்கும்போது, அந்த வசனத்தை நாங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் குசினிகளில் கோப்பை கழுவ வருகிறவர்கள் எரித்திரியர், ஆப்கானியர். எங்களோடு வேலைசெய்கிற ஓர் எரித்திரியப் பெடியனுக்கு வருடத்தில் ஐந்து கிழமை விடுமுறையும் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு என்பது தெரியாது. விடுமுறை தரச்சொல்லிக் கேட்பதை முதலாளியிடம் உதவி கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். உணவகத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்து, எங்கள் அரைகுறை டொச்சில் வரிவரியாகக் காட்டினோம். அடுத்த நாள் ஒரு துணியில் சுற்றி அவர்களுடைய இஞ்செராவும் குழம்பும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. எங்களுடைய புளித்த அப்பமாதிரித்தான் இருந்தது. கை கழுவிப்போட்டு இருந்து சாப்பிட்டோம்.