துணைக்கும் துணை வேண்டும்

நோய்க்கு மருந்து எது என்ற வினாவுக்கு வள்ளுவர் தந்த விடை சிந்திக்கத்தக்கது. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்த்து, இந்நான்கும் கூடியதே மருத்துவம் என 950ஆவது குறளில் வகுத்தார். முதல் மூன்றையும் பற்றி நாம் விசாரிக்கிறோம். நான்காமவரை யார் விசாரிப்பது?

புற்றுநோய் வந்த வீட்டில் அந்த நான்காமவர் பெரும்பாலும் கணவனோ மனைவியோதான். கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும், மருந்தேற்றிய பின் சத்தி எடுக்கும்போது தாங்கிப் பிடிப்பதும், இரவில் விழித்திருப்பதும் அவரே. நோயாளியின் முன் அழ முடியாது. வெளியில் சிரித்தால் ஊர் கதைக்கும். களைத்துப் போனால், தமக்கு அன்பு குறைந்துவிட்டதோ எனத் தம்மையே நொந்துகொள்வார். உடல் களைப்பது இயல்பு. சற்று ஓய்வெடுத்தால்தான் நாளையும் பணிவிடை செய்ய முடியும்.

அந்த வீட்டுக்குச் சென்று, "எல்லாம் வினைப்பயன்" என்று சொல்வது ஆறுதலாகாது. வினைக்கொள்கை எம்மை நாமே திருத்திக்கொள்வதற்கானது, அடுத்தவரை அளப்பதற்கன்று. ஒருவேளை உணவு, ஒரு பின்னேரம் நோயாளியோடு இருந்து கொடுத்தல், குறுக்கிடாமல் கேட்கும் செவி ஆகியனவே உண்மையான ஆறுதல்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டுவதற்காக 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தார்கள். அயல்வீட்டுப் படலை வரை நடப்பது எமக்குக் கடினமா? நோயாளியின் சுகம் கேட்ட பின், "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று துணையிடமும் கேட்போம். அதுவும் எம்பெருமானுக்குச் செய்யும் தொண்டே ஆகும்.